மரப்பாலத்துக்கு மேலே அடைபட்ட சாலை: நடுவழியில் குடியிருப்பவர்களின் நான்கு நாட்கள்

மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தில் காலை ஆறே முக்காலுக்குக் குன்னூர் பஸ் நிற்கும் இடம் அன்று காலியாக இருந்தது. மழை விட்டிருந்தது. நனைந்த குடைகளோடு நாற்பது ஐம்பது பேர் நின்றுகொண்டிருந்தோம். தொண்டை கட்டிய குரலில் ஒரு நடத்துநர், "குன்னூர் ரோடு அடைப்பு. ஊட்டி, குன்னூர் போகிறவர்கள் எல்லாம் கோத்தகிரி வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் காய்கறிக் கூடையோடு நின்ற ஓர் அம்மா, "பர்லியாருக்கு எதில் ஏறுவது தம்பி?" என்று கேட்டார். நடத்துநர் ஒரு கணம் யோசித்தார். அவரிடம் பதில் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பரில் நடந்தது இது. உயிர்ச்சேதம் இல்லை, பெரிய செய்தியாகவும் வரவில்லை. நான்கு நாட்கள் சாலை அடைபட்டது, பிறகு திறந்தது. ஆனால் மேட்டுப்பாளையத்தில் குடியிருந்து குன்னூரில் ஆசிரியராக வேலை பார்க்கும் எனக்கு, அந்த அம்மாவின் கேள்வி இன்றுவரை மனத்தில் நிற்கிறது. அந்த வாரம் நான் எழுதிவைத்த நாட்குறிப்பையும், அதே சாலையில் தினமும் போய்வரும் சிலரிடம் பிறகு கேட்டு அறிந்ததையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் 34 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் பர்லியார். பஸ்கள் நின்று, பயணிகள் இறங்கித் தேநீர் குடித்துப் பழம் வாங்கும் ஊர். அதற்கு மேலே மரப்பாலம், பிறகு காட்டேரி, பிறகு குன்னூர். இடையில் குரும்பாடி போன்ற பழங்குடிக் குடியிருப்புகளும் தோட்டத் தொழிலாளர் வீடுகளும் உள்ளன. இது தேசிய நெடுஞ்சாலை 181-இன் ஒரு பகுதி. கோயம்புத்தூரிலிருந்து குன்னூர், உதகை, கூடலூர் வழியாகக் குண்டல்பேட்டைக்குப் போகும் சாலை. வரைபடத்தில் பார்ப்பவருக்கு இது இரண்டு ஊர்களை இணைக்கும் கோடு. அதன் மேல் வாழ்பவர்களுக்கோ அதுதான் தெரு, அதுதான் பள்ளிக்குப் போகும் வழி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி.

செவ்வாய் இரவு முழுவதும் மழை. புதன் விடியும் முன்பே, மரப்பாலத்துக்கும் காட்டேரிக்கும் இடையில் ஒரு வளைவில் மேல்சரிவு மண்ணோடும் மரங்களோடும் இறங்கிச் சாலையை மூடிவிட்டது. வியாழன் மதியம் ஒரு வண்டி போகும் அளவுக்கு வழி திறந்தார்கள். சில கார்கள் கடந்தன. அன்றிரவே மறுபடி மழை. இம்முறை மண்ணோடு ஒரு பாறையும் வந்து சாலையின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை முழுவதும் அதைத் துளையிட்டு உடைத்தார்கள். சனி மதியம் சிறிய வண்டிகள், திங்கள் காலை பஸ்கள். காலவரிசை அவ்வளவுதான்.

இந்த மலைக்கு இது புதிதில்லை. நீலகிரியின் அடிப்பாறை பெரும்பாலும் சார்னோகைட் என்ற கெட்டியான பாறை. அதன் மேல் பல யுகங்களாக இற்றுப்போன மண் கனமான போர்வையாகக் கிடக்கிறது. மழை நீர் அந்த மண்ணுக்குள் இறங்கி, பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க வழியின்றி இரண்டுக்கும் நடுவில் தேங்குகிறது. மண் கனக்கிறது, பிடிப்பு தளர்கிறது. சாலைக்காக அடிவாரத்தை நாம் வெட்டி எடுத்திருக்கும் இடத்தில், தாங்க ஆளில்லாமல் அது வழுக்கி வருகிறது. ஓரக் கால்வாயில் பிளாஸ்டிக்கும் சருகும் அடைத்திருந்தால் இந்த வேலை இன்னும் சீக்கிரம் நடக்கும். 1993 நவம்பரில் இதே மரப்பாலத்தில் ஏற்பட்ட பெருஞ்சரிவை ஊர்ப் பெரியவர்கள் இன்றும் தேதியோடு சொல்வார்கள். சாலையும் ரயில்பாதையும் போயின, உயிர்களும் போயின. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானது. அந்த மழையில் மாவட்டம் முழுவதும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டத்தில் ஆபத்தான இடங்கள் 283 என்று நிர்வாகமே கணக்கெடுத்து, மழைக்காலத்துக்கு முன் கண்காணிப்புக் குழுக்களை அமைக்கிறது.

ஆகவே சாலை அடைபடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்போது என்ன செய்வது என்பதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "வாகனங்கள் கோத்தகிரி வழியாகச் செல்லவும்." என் கருத்தெல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

கோத்தகிரிச் சாலை நல்ல மாற்றுப்பாதைதான். உண்மையில் அதுதான் மூத்த வழி. குன்னூர் மலைப்பாதை வருவதற்கு முன்பே, 1820களின் தொடக்கத்தில், சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஏறும் பாதையைக் கலெக்டர் ஜான் சல்லிவன் அமைத்தார். இன்றும் கோடை சீசனில் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் விடுகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகிற ஒருவருக்குக் குன்னூர் வழியும் கோத்தகிரி வழியும் தூரத்தில் பெரிய வித்தியாசமில்லை. குன்னூருக்குப் போகிறவருக்குக் கொஞ்சம் கூடும். கோத்தகிரிக்கு 34, அங்கிருந்து குன்னூருக்கு 21, ஆக 55 கிலோமீட்டர். நடுவழியில் இருப்பவருக்கு என்ன ஆகும்? பர்லியாரிலிருந்து குன்னூர் ஏறத்தாழ 17 கிலோமீட்டர். மாற்றுப்பாதையில் அவர் முதலில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, கோத்தகிரிக்கு ஏறி, குன்னூருக்குத் திரும்ப வேண்டும். 17 கிலோமீட்டர் 72 ஆகிறது. மரப்பாலத்துக்காரருக்கு இது இன்னும் மோசம். அவருடைய தூரம் குறைவு, சுற்றுவழி அதிகம். அடைப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோமோ, அவ்வளவு தொலைவுக்குத் துரத்தப்படுகிறோம்.

எண்ணாகச் சொன்னால் இது உறைக்காது. எனக்குத் தெரிந்த ஒரு செவிலியரின் புதன்கிழமையைச் சொல்கிறேன்.

அவர் வீடு பர்லியாரில். வேலை குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரியில். செவ்வாய் இரவு எட்டு மணிக்கு இரவுப் பணிக்குப் போனவர், புதன் காலை எட்டு மணிக்கு வெளியே வந்தபோதுதான் சாலை அடைபட்டது தெரிந்தது. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். வழக்கமாக ஒன்பது மணிக்குள் வீட்டில் இருப்பார். அன்று எட்டே முக்காலுக்குக் கோத்தகிரி பஸ் பிடித்தார். கோத்தகிரியில் மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தார். வந்த இரண்டு பஸ்களும் உதகையிலிருந்தே நிரம்பி வந்தன. மூன்றாவதில் ஏறி, நின்றபடியே இறங்கினார். இரவு முழுவதும் கண் விழித்தவர் ஒவ்வொரு வளைவிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பிறகு என்னிடம் சொன்னபோது, உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. அங்கிருந்து பர்லியாருக்குச் சாலை திறந்தே இருந்தது, ஒரு கல்லுகூட விழவில்லை. ஆனால் பஸ் இல்லை. குன்னூர் போகும் பஸ்கள் எல்லாவற்றையும் கோத்தகிரிக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். கடைசியில் வாழைத்தார் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு வேனின் ஓட்டுநர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். மூன்று மணிக்கு வீடு. அன்றிரவு எட்டு மணிக்கு மறுபடி பணி. அவரால் போக முடியவில்லை. அவருக்குப் பதிலாக, பகல் முழுவதும் வேலை செய்த இன்னொரு செவிலியர் இரவும் தொடர்ந்து பார்த்தார். பர்லியாருக்கு ஒரு பஸ் இல்லாததன் விலையைக் குன்னூரில் ஒரு வார்டில் படுத்திருந்த நோயாளிகளும் கொடுத்தார்கள் என்றே நான் கணக்கு வைக்கிறேன்.

இந்த நிகழ்வில் நான் கண்ட மிகப் பெரிய தவறு இதுதான். மண் சரிந்தது மலையின் வேலை. அடைபட்டது 34 கிலோமீட்டரில் நூறு மீட்டர்கூட இல்லை. ஆனால் பஸ்ஸை நிறுத்தியதால் முழுச் சாலையும் அடைபட்டதாயிற்று. ஒரு பஸ்ஸின் நடை என்பது மேட்டுப்பாளையத்தில் தொடங்கிக் குன்னூரிலோ உதகையிலோ முடிய வேண்டும் என்று தாளில் எழுதப்பட்டிருக்கிறது. கடைசி ஊருக்குப் போக முடியாது என்றதும் நடையே ரத்து. பர்லியார் வரை போய்த் திரும்பு என்று சொல்ல யாருக்கு அதிகாரம் என்று நான் விசாரித்தேன். ஒருவர் இன்னொருவரைக் காட்டினார்; அவர் மேலிடத்தைக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை அந்த விடை கிடைத்தது. பர்லியார்க்காரர்கள் சிலர் வியாழன் மாலை நேரில் போய்ச் சொன்னதில், மறுநாள் காலையிலிருந்து ஒரே ஒரு பஸ் மேட்டுப்பாளையத்துக்கும் மரப்பாலத்துக்கும் இடையில் ஓடியது. அகலமான ஓரிடத்தில் திருப்பிக்கொண்டு வந்தது. முதல் நடையிலேயே உட்கார இடமில்லை. பள்ளிப் பிள்ளைகள், கூலிக்குப் போகிறவர்கள், ரேஷன் அரிசிப் பையோடு ஒரு பெரியவர். பேருந்தும் ஓட்டுநரும் டீசலும் புதன்கிழமையும் இருந்தன. இரண்டு நாள் முன்பு இல்லாதது உத்தரவு ஒன்றுதான்.

அடைப்பின் அருகில் நான் போனது வியாழன் மாலை, இரண்டாவது சரிவுக்கு முன். காலையில் கோத்தகிரி சுற்றிப் போனவன், திரும்பும்போது காட்டேரி வரை ஒரு ஜீப்பில் வந்து நடந்தேன். சரிந்த மண்ணின் வாசனை தூரத்திலேயே வந்தது. புதிதாக வெட்டிய வேரும் ஈரமும் கலந்த வாசனை. சிவப்பு மண், கையில் எடுத்தால் பிசைந்த மாவு போலக் குழைந்தது. மதியம் திறந்த ஒற்றை வழியை அடைத்துக்கொண்டு நின்ற ஜேசிபி, மீதி மண்ணை அள்ளி அள்ளிப் பள்ளத்துப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. மரம் அறுப்பவர்கள் இருவர், தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு, விழுந்த மரத்தைத் துண்டு போட்டார்கள். ஒரு காவலர் மேல்சரிவையே பார்த்தபடி விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். சின்னக் கல் உருண்டாலும் ஊதுவார். எல்லோரும் ஓடிவர வேண்டும். அந்த நான்கு நாட்களில் அங்கே வேலை செய்தவர்களைப் பற்றி எனக்கு மரியாதையைத் தவிர வேறெதுவும் இல்லை.

கடக்க வேண்டியவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். அந்தச் செவிலியரும் அன்று அங்கே இருந்தார்; பகலில் ஒரு பணி பார்த்துவிட்டு வந்திருந்தார். செருப்பை ஒரு கையிலும் சாப்பாட்டுப் பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, "அண்ணா, ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள், நாங்கள் கடந்துவிடுகிறோம்" என்று ஜேசிபி ஓட்டுநரிடம் கேட்டார். ஓட்டுநர் காவலரைப் பார்த்தார். காவலர் மேலே பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு ஒவ்வொருவராகப் போகச் சொன்னார். சாலையின் வெளிப்புற ஓரமாக, தடுப்புச் சுவரைத் தொட்டபடி கடந்தோம். கணுக்கால் புதைந்தது. மறுபக்கம் போனதும் அந்தப் பெண் குழாயடியில் காலைக் கழுவாமலே நடக்க ஆரம்பித்தார். இருட்டுவதற்குள் பர்லியார் சேர வேண்டும். அந்தச் சாலையில் இரவில் யானை வரும்.

எங்களைக் கடக்க விட்டது சரியா என்று இன்றும் எனக்குக் கேள்வி உண்டு. அன்றிரவே அதே இடத்தில் பாறை வந்தது. மேல்சரிவு நிலையாக இருக்கிறதா என்று சொல்லத் தெரிந்த பொறியாளர் ஒருவர் நேரம் குறித்துக் கொடுத்து, காலையில் ஒருமுறை மாலையில் ஒருமுறை வேலையை நிறுத்தி, மக்களைக் கடத்திவிட்டிருந்தால் அது முறை. கூடாது என்று அவர் சொல்லியிருந்தால் அதுவும் முறைதான். அப்போது இரண்டு பக்கமும் பஸ் இருந்தால் போதும். ஒரு காவலரின் இரக்கத்தின் பொறுப்பில் அதை விட்டிருக்கக் கூடாது.

ரயிலைப் பற்றி வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் வந்து, 1908-இல் உதகையைத் தொட்ட மலை ரயில் இருக்கிறதே, அதில் போகலாமே என்று. அது ஓடுவது இதே சரிவுகளில். சாலை அடைபடும் மழையில் பாதையிலும் மண் விழும். மழைக்காலத்தில் ரயிலை நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. அன்றும் நிறுத்தியிருந்தார்கள். குன்னூருக்கும் உதகைக்கும் இடையில்தான் அது ஓரளவு வேலைக்குப் போகிறவர்களின் ரயில். மஞ்சூர், கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் மூன்றாவது சாலை குறுகலானது, காட்டுக்குள் போவது, வனச் சோதனைச் சாவடிகள் உள்ளது. தினப்பயணத்துக்கு அதை நம்ப முடியாது.

மாற்றுப்பாதையின் ஓரத்தில் வாழ்கிறவர்கள் பட்ட பாடும் யார் கணக்கிலும் வரவில்லை. குஞ்சப்பனை, அரவேணுக்காரர்களின் பஸ் அந்த நான்கு நாட்களும் மேட்டுப்பாளையத்திலேயே எங்களால் நிரம்பிவிட்டது. புதன்கிழமை நான் நின்றுகொண்டு போன பஸ், வழியில் கை காட்டிய எத்தனையோ பேரைத் தாண்டிப் போனது. சீருடையில் ஒரு சிறுமி பஸ் நிற்கும் என்று நம்பி சாலைக்குள் இரண்டடி வந்து, பிறகு பின்வாங்கினாள். நான் அவளுடைய இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அன்று கோத்தகிரிக்குப் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வளைவுகளில் காய்கறி லாரியும் சுற்றுலா வேனும் எதிரெதிரே மாட்டிக்கொண்டு பின்னுக்கு முன்னுக்கு நகர்ந்தன. குன்னூர் சேர்ந்தது பதினொன்றே கால். பள்ளி தொடங்கி இரண்டு மணி நேரம். அந்த வாரம் என் கணக்கில் ஒன்றரை நாள் தற்செயல் விடுப்பு கழிக்கப்பட்டது. சாலை அடைப்பு ஊருக்கே தெரியும், ஆனால் தாமதத்துக்குக் காரணமாக அதை எழுத வருகைப் பதிவேட்டில் இடம் இல்லை என்று சொன்னார்கள். என் விடுப்பு போனது பெரிதில்லை. மாதச் சம்பளம் வருகிறது. என்னோடு அதே பஸ்ஸில் வந்த கட்டட வேலைக்காரர்கள் இருவர், பதினொரு மணிக்குப் போனால் வேலை கிடைக்காது என்று கோத்தகிரியிலேயே இறங்கித் திரும்பிப் போனார்கள். வியாழன், வெள்ளி அவர்களைக் காணவில்லை.

பர்லியார் கடைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. சாலை நின்றால் அந்த ஊரின் வருமானமே நிற்கிறது. ஒரு கடைக்காரர் நான்கு நாட்களும் அடுப்பு பற்றவைத்தார். ஜேசிபி ஆட்களுக்கும் காவலர்களுக்கும் தேநீர் கொடுத்தார். பழுத்த சப்போட்டாவைச் சனிக்கிழமை பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

சரிவைத் தடுக்கும் வேலைகள் நடக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். உதகை–கோத்தகிரி சாலையில் கோடப்பமந்து பகுதியில் சரிவுக்குள் இரும்புக் கம்பிகளை ஆழமாகச் செருகி, வலை போர்த்தி, மேலே புல் வளர்க்கும் முறையைச் செய்திருக்கிறார்கள். குன்னூர் சாலையிலும் பல இடங்களில் தடுப்புச் சுவர்கள் எழும்பியுள்ளன. நல்லது, வேண்டும். ஆனால் 283 இடங்களையும் கம்பி போட்டுக் கட்டி முடிக்கும் வரை மழை காத்திருக்காது. அதற்கு முன் செய்யக்கூடியவை செலவே இல்லாதவை. அக்டோபர் முதல் தேதியே ஓர் உத்தரவு தயாராக இருக்கலாம்: அடைப்பு எந்த இடத்தில் வந்தாலும், கீழ்ப்பக்கம் அதுவரை ஒரு பஸ், மேல்பக்கம் அதுவரை ஒரு பஸ், முதல் நாள் காலையிலிருந்தே ஓடும். பஸ் திருப்ப இடமுள்ள வளைவுகளை ஓட்டுநர்கள் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டால் போதும். அறிவிப்பில் "குன்னூர் சாலை அடைப்பு" என்று மட்டும் போடாமல், எந்த ஊர் வரை போகலாம் என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம். அந்த ஒரு வரி இருந்திருந்தால், புதன்கிழமை பஸ் நிலையத்தில் கூடையோடு நின்ற அம்மாவுக்கு நடத்துநர் பதில் சொல்லியிருப்பார்.

கோத்தகிரி வழி பஸ்களில் இரண்டையாவது அரவேணு வரை ஆள் ஏற்றுவதற்கென்றே காலி இடத்தோடு அனுப்பலாம். இதை நான் பஸ் நிலையத்தில் சொன்னபோது, நேரக் காப்பாளர் ஒருவர் காகிதத்தில் குறித்துக்கொண்டார். அவர் குறித்துக்கொண்டதே எனக்கு நிறைவாக இருந்தது.

திங்கட்கிழமை ஆறே முக்கால் பஸ் அதன் இடத்தில் நின்றது. மரப்பாலத்துக்கு மேலே அந்த வளைவில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். உடைத்த பாறையின் துண்டுகள் ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன, வெட்டுவாய் இன்னும் வெள்ளையாகப் பளபளத்தது. பஸ்ஸில் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தோம். யாரும் பேசவில்லை.

அந்தச் செவிலியர் இப்போது ஐப்பசி பிறந்ததும் ஒரு துணிப்பையில் இரண்டு மாற்றுடை, ஒரு போர்வை, மகனின் பள்ளித் தொலைபேசி எண் எழுதிய சீட்டு ஆகியவற்றைக் குன்னூரில் உடன் வேலை செய்யும் தோழி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார். மார்கழி முடிந்து மழை ஓய்ந்ததும்தான் அதைத் திரும்ப எடுத்து வருவார்.